ஐயாவுக்கு ஆகாத வாடை

வெள்ளிக்கிழமை காலை எட்டரை மணிக்கு அம்மா மண்டபம் சாலையை ஒட்டிய அந்தச் சந்துக்குள் ஒரு லோடு ஆட்டோ நுழையும். அதன் தலையில் கட்டிய ஒலிபெருக்கி, "பினாயில், ஆசிட், பிளீச்சிங் பவுடர், சோப்பு ஆயில்" என்று மூச்சு விடாமல் கத்தும். சந்தின் கடைசியில் இருக்கும் மூன்று மாடி அடுக்ககத்தின் இரண்டாம் மாடி பால்கனியிலிருந்து பானுமதி கயிறு கட்டிய கூடையை இறக்குவாள். கூடைக்குள் இரண்டு காலித் தண்ணீர் பாட்டில்கள் இருக்கும். ஒன்றில் பினாயிலும் இன்னொன்றில் ஆசிட்டும் நிரம்பிக் கூடை மேலே ஏறும். பாட்டிலைத் திறந்து தூரத்தில் வைத்தே முகர்ந்து பார்ப்பாள். கண் எரிந்தால் நல்ல சரக்கு என்று அர்த்தம். எரியாவிட்டால் ஆட்டோக்காரனுக்கு மேலிருந்தே அர்ச்சனை நடக்கும்.

அந்த நேரத்தில் அவள் கணவர் பெரியண்ணன் பால்கனிக்கு நாடு கடத்தப்படத் தயாராகிக்கொண்டிருப்பார். திருவெறும்பூரில் பாய்லர் உதிரி பாகங்கள் செய்யும் ஒரு பட்டறையில் வெல்டராகச் சேர்ந்து, பாதுகாப்பு மேற்பார்வையாளராக ஓய்வு பெற்றவர். முப்பத்து நாலு வருஷம் புகையை உள்ளே இழுத்ததற்கு நெஞ்சு ஒரு விசிலைப் பரிசாகக் கொடுத்திருந்தது. மாடிப்படி ஏறினால் அந்த விசில் கேட்கும். ஓய்வுக்குப் பிறகு இங்கே வீடு வாங்கியது பானுமதியின் ஆசை. விடிந்ததும் கோயிலுக்கு நடந்து போய்ப் பெருமாளைச் சேவித்துவிட்டு வர வேண்டும் என்பாள். போகவும் செய்தாள். ஆனால் காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவில் குடியிருந்தும், அந்த அடுக்ககத்துக் குழாயில் வந்தது என்னவோ போர்வெல் தண்ணீர்தான். பாத்ரூம் டைல்ஸில் அது மஞ்சளாகக் கறை பிடித்தது. அவளுக்கு அந்தக் கறை ஜென்மப் பகை.

தில்லைநகரில் நெஞ்சு டாக்டர் ஒருவர் பெரியண்ணனைப் பரிசோதித்துவிட்டு ஒரு பட்டியல் கொடுத்திருந்தார். ஆசிட், பினாயில், கொசுவத்தி, ரூம் ஸ்பிரே எதுவுமே அவர் மூச்சில் படக் கூடாது. "மூடின ரூம்ல இந்த வாடையெல்லாம் நிக்கும்மா. நெஞ்சைப் புண்ணாக்கிடும்" என்று பானுமதியிடம் தனியாக வேறு சொன்னார். அன்றே கொசுவத்தி வீட்டை விட்டுப் போயிற்று. ஊதுபத்தியைக்கூடப் பெருமாளிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டு நிறுத்தினாள். ஆசிட்டை மட்டும் அவளால் விட முடியவில்லை. அதற்கு ஒரு வழி கண்டுபிடித்தாள்.

வழி இதுதான். வெள்ளிக்கிழமை பாத்ரூம் கழுவும் நேரத்தில் பெரியண்ணன் காபியும் செய்தித்தாளுமாகப் பால்கனியில் உட்கார வேண்டும். பால்கனியின் கண்ணாடிக் கதவு இழுத்துச் சாத்தப்படும். பாத்ரூம் கதவும் சாத்தப்படும். அந்த பிளாஸ்டிக் கதவு லேசானது, காற்றடித்தால் தானாகத் திறந்துகொள்ளும். அதனால் வெளிப்பக்கம் இருந்த தாழ்ப்பாளைப் போட்டுவிடுவாள். உள்ளே கழுவும் ஜோதி வேலை முடிந்ததும் இரண்டு தட்டுத் தட்டினால் திறந்துவிடுவாள். வீட்டுக்குள் ஒரு பொட்டு வாடை வராது. தன் ஏற்பாட்டில் அவளுக்கு ஏகப்பட்ட பெருமை. பக்கத்து வீட்டுக்காரிக்கும் சொல்லிக் கொடுத்திருந்தாள்.

ஜோதி திருவெள்ளறைப் பக்கம் வயல்வேலை செய்து வளர்ந்தவள். முப்பத்தாறு வயது. கொள்ளிடக் கரையோரம் வாடகை வீட்டில் கணவன் காத்தானோடும் பத்தாவது படிக்கும் மகள் கனிஷ்காவோடும் இருந்தாள். அந்த அடுக்ககத்தில் ஐந்து வீடுகளுக்கு அவள்தான். ஐந்து வீட்டு பாத்ரூமும் அவள் கைதான். பானுமதி அவளிடம் கறாராக இருந்தாலும் கல்நெஞ்சக்காரி இல்லை. தீபாவளிக்குப் புடவை எடுத்துக் கொடுப்பாள், சாம்பார் மீந்தால் தூக்குவாளியில் ஊற்றி அனுப்புவாள். ஆறு மாதமாக ஜோதிக்கு விடாமல் இருமல். அதற்கும் மிளகுக் கஷாயம் வைத்துக் கொடுத்தாள்.

"பனி ஒத்துக்கலம்மா" என்பாள் ஜோதி. மாசி போய்ப் பங்குனி வந்து வெயில் மண்டையைப் பிளந்தபோதும் இருவரும் பனி மேலேயே பழியைப் போட்டுக்கொண்டிருந்தார்கள்.

ஒரே ஒரு முறை அவள் வாய்விட்டுக் கேட்டாள். அது பெரியண்ணன் காதிலும் விழுந்தது.

"அம்மா, கதவைக் கொஞ்சம் தெறந்து வெச்சுக்கட்டுங்களா? உள்ள மூச்சு முட்டுது."

"ஐயாவுக்கு இந்த வாடை ஆகாது ஜோதி. முந்தானையை மூக்குல கட்டிக்க. அஞ்சு நிமிஷ வேலைதானே?"

பெரியண்ணன் செய்தித்தாளின் அடுத்த பக்கத்தைப் புரட்டினார். தன் நெஞ்சின் மேல் மனைவிக்கு இருக்கும் அக்கறையை நினைத்து அந்த நிமிஷம் அவருக்குக் கொஞ்சம் இதமாகக்கூட இருந்தது என்பதைச் சொல்லித்தான் ஆக வேண்டும்.

சித்திரை பிறந்து இரண்டாவது வெள்ளிக்கிழமை. மறுநாள் கழித்து ஞாயிற்றுக்கிழமை, மகள் பவித்ராவைப் பார்க்க தஞ்சாவூரிலிருந்து மாப்பிள்ளை வீட்டார் வருவதாக இருந்தது. பானுமதி மூன்று நாளாக வீட்டைப் புரட்டிப் போட்டுக்கொண்டிருந்தாள். மின்விசிறியின் இறக்கைகள் மின்னின. ஜன்னல் கம்பிகளை ஒவ்வொன்றாகத் துடைத்தாயிற்று. பாத்ரூம் கறை மட்டும் அசைந்து கொடுக்கவில்லை.

அன்று லோடு ஆட்டோக்காரனிடம் மேலிருந்தே முறையிட்டாள்.

"போன வாரம் குடுத்த ஆசிட்டுல தண்ணி கலந்துட்டியா? கறை போகவே இல்லையே?"

"தண்ணியெல்லாம் இல்லக்கா. வெறும் ஆசிட்டுக்கு அந்தக் கறை போகாது. மேல பிளீச்சிங் பவுடரைத் தூவித் தேய்க்கச் சொல்லுங்க. டபுள் பவரு. மார்பிள் மாதிரி ஆயிரும்."

கூடையில் பவுடர் பொட்டலமும் ஏறிற்று. ஆட்டோக்காரன் பொய் சொல்லவில்லை, தெரியாமல் சொன்னான். அவனுக்கு யாரோ சொன்னது, அதற்கு முன் அந்த யாரோவுக்கு வேறு யாரோ சொன்னது. தெருத் தெருவாக விஷம் இப்படித்தான் போகிறது, யோசனை என்ற பெயரில்.

பெரியண்ணன் பால்கனியில் உட்கார்ந்தார். கண்ணாடிக் கதவு சாத்தப்பட்டது. ஜோதி வாளியும் பிரஷுமாக பாத்ரூமுக்குள் போனாள். போகும்போதே இரண்டு தடவை இருமினாள். பானுமதி தாழ்ப்பாளைப் போட்டுவிட்டு அதிரசத்துக்கு மாவு பார்க்கப் போனாள். பத்து நிமிஷம் கழித்துத் தாழ்ப்பாளைத் திறந்து, கறை அப்படியே இருப்பதைப் பார்த்தாள். பவுடர் பொட்டலத்தை உள்ளே நீட்டினாள்.

"இதை மேல தூவி அழுத்தித் தேய். வர்றவங்க நாலு பேர் பாக்கணும்."

மறுபடி தாழ்ப்பாள் விழுந்தது. சமையலறையில் மிக்ஸி ஓடத் தொடங்கிற்று.

பெரியண்ணன் இரண்டாம் பக்கத்தில் இருந்தார். பால்கனிச் சுவரை ஒட்டித்தான் பாத்ரூமின் சின்ன வென்டிலேட்டர் இருந்தது, அவர் பக்கம் வாடை வராமலிருக்க முக்கால்வாசி அட்டையால் அடைத்தபடி. அதன் இடுக்கிலிருந்து ஒரு வாடை வந்தது. வழக்கமான ஆசிட் வாடை இல்லை. மூக்கின் உள்ளே ஊசி வைத்த மாதிரி காரமான வாடை. அவருக்குத் தெரிந்த வாடை. பட்டறையில் தண்ணீரைச் சுத்திகரிக்கும் கொட்டகை ஒன்று இருந்தது. அதன் வாசலில் மண்டையோட்டுப் படத்தோடு பலகை மாட்டியது அவர்தான். அங்கே இருந்த சிலிண்டர்களில் குளோரின் வாயு. சிலிண்டர் மாற்றும் நாளில் துளியாக இந்த வாடை வரும். அந்தத் துளிக்கே பத்தடி தள்ளி நில் என்று ஆட்களை விரட்டியவர் அவர்.

செய்தித்தாள் கீழே விழுந்தது. கண்ணாடிக் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே ஓடினார்.

"பானு! உள்ள யாரு இருக்கா?"

"ஜோதிதான். ஏன் உள்ள வர்றீங்க? வாடை..."

அவர் கேட்டுக்கொண்டு நிற்கவில்லை. துண்டைக் குழாயில் நனைத்து மூக்கைச் சுற்றிக் கட்டினார். மூச்சை அடக்கினார். தாழ்ப்பாளைத் தள்ளினார். கதவு திறந்ததும் பச்சையும் மஞ்சளுமான மங்கல் புகை முழங்கால் உயரத்துக்கு வெளியே வழிந்தது. ஜோதி கதவோரமாகவே சரிந்து கிடந்தாள். முந்தானை மூக்கைச் சுற்றிக் கட்டியிருந்தது. விரல்கள் கதவின் அடிப்பக்கத்தில் இருந்தன. கண் பாதி திறந்திருந்தது. தொண்டையிலிருந்து வந்தது மூச்சா முனகலா என்று சொல்ல முடியவில்லை.

அக்குளில் கைகொடுத்து இழுத்தார். பட்டறைத் தொட்டிக்குள் மயங்கியவனை எப்படி இழுக்க வேண்டும் என்று எத்தனையோ பேருக்குச் சொல்லிக் கொடுத்தவர். சொல்லிக் கொடுத்தபோது அவர் நெஞ்சு நன்றாக இருந்தது. கூடம் வரை வருவதற்குள் அடக்கிய மூச்சு உடைந்தது. ஒரு வாய் உள்ளே போனதும் நெஞ்சுக்குள் யாரோ மிளகாயை அரைத்த மாதிரி இருந்தது. பால்கனி வரை இழுத்துப் போட்டுவிட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். பானுமதியின் கூச்சலில் மாடி முழுக்கக் கூடிவிட்டது. சந்து முனையில் ஆட்டோ நிறுத்தியிருந்த அப்துல் சலாம் இரண்டிரண்டு படியாக ஏறி வந்து ஜோதியைத் தோளில் தூக்கினார்.

"ஐயா, நீங்களும் வாங்க. உங்க உதடு நீலமா இருக்கு" என்று பெரியண்ணனையும் விடவில்லை.

ஆஸ்பத்திரியில் ஜோதிக்கு முகம் முழுக்க மாஸ்க் மாட்டி ஆக்ஸிஜன் கொடுத்தார்கள். பெரியண்ணனுக்குப் பக்கத்துப் படுக்கையில் மாஸ்க் வழியாகப் புகை மருந்து. பணியில் இருந்த டாக்டர் இர்பானாவுக்கு முப்பது வயதுதான் இருக்கும். ஆனால் கேள்வி கேட்ட விதத்தில் பானுமதிக்கு வியர்த்தது.

"என்ன ஊத்தினீங்க?"

"ஆசிட்டுதாங்க. எப்பவும் ஊத்துறதுதான். இன்னிக்கு மேல கொஞ்சம் பிளீச்சிங் பவுடர்..."

"அது ரெண்டும் சேர்ந்தா குளோரின் கேஸ் வரும்மா. யுத்தத்துல ஆளைக் கொல்லப் போட்ட கேஸ் அது. ரூம் எவ்வளவு பெருசு?"

"நாலுக்கு ஆறு."

"ஜன்னல்?"

"வென்டிலேட்டர் இருக்கு. அட்டை வெச்சு..."

"கதவு?"

பெரியண்ணன் மாஸ்க்கை விலக்கிக்கொண்டு பானுமதிக்காகச் சொன்னார். "சாத்தியிருந்துச்சு டாக்டர். வெளியில தாழ்ப்பா."

டாக்டர் ஜோதிக்கு முன்பே இருமல் உண்டா, எத்தனை வீட்டில் பாத்ரூம் கழுவுகிறாள் என்று கேட்டார். ஐந்து வீடு, இருமல் ஆறு மாதமாக, பனியால் வந்தது என்றாள் பானுமதி.

"பனி இல்லம்மா. அஞ்சு வீட்டு பாத்ரூம், வாரா வாரம், மூடின ரூம்ல ஆசிட். கலக்காம ஊத்தினாக்கூட அந்தப் புகை கொஞ்சங்கொஞ்சமா மூச்சுக் குழாயைப் புண்ணாக்கும். தினம் ஒரு கட்டு பீடி குடிக்கிறவனுக்கு ஆகுறது இவங்களுக்குக் குடிக்காமலே ஆயிருக்கு. இன்னிக்கு நடந்தது அது மேல விழுந்த அடி. ராத்திரி தாண்டட்டும், அப்புறம் பேசலாம்."

ராத்திரி தாண்டுமா தாண்டாதா என்று தெரியாமல் ஒருவருக்காகக் காத்திருப்பது எப்படி இருக்கும் என்று பானுமதிக்குத் தெரியும். இரண்டு வருஷம் முன்பு கணவருக்காக இப்படி உட்கார்ந்திருக்கிறாள். வீட்டு வேலைக்கு வருகிறவளுக்காக உட்காருவோம் என்று அவள் நினைத்ததில்லை. தாழ்வாரத்து பெஞ்சில் கணவருக்குப் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். மெல்லப் பேசினாள்.

"அவ தட்டினாளுங்க."

"என்ன?"

"கதவைத் தட்டினா. மிக்ஸி சத்தத்துலயும் கேட்டுச்சு. வேலை முடிஞ்சாதானே தட்டுவா? அதுக்குள்ள முடிஞ்சிருக்காதேன்னு... இன்னும் கொஞ்சம் தேய் ஜோதின்னு அடுப்படியிலேருந்தே சத்தம் போட்டேன்."

பெரியண்ணன் அவளைத் திட்டவில்லை. திட்டத் தனக்கு வாய் இருக்கிறதா என்று யோசித்துக்கொண்டிருந்தார். பட்டறையில் ஒரு சட்டம் உண்டு. மூடிய தொட்டிக்குள் ஒருவன் வெல்டிங் செய்ய இறங்கினால், வாசலில் இன்னொருவன் நின்றுகொண்டே இருக்க வேண்டும். அவன் டீ குடிக்கப் போகக் கூடாது, வேறு வேலை பார்க்கக் கூடாது. உள்ளே இருப்பவனிடம் இரண்டு நிமிஷத்துக்கு ஒரு முறை பேச்சுக் கொடுக்க வேண்டும். பேச்சு நின்றால் இழுத்துவிட வேண்டும். வாசலில் ஆள் இல்லாததைப் பார்த்து ஒரு நாள் மொத்த வேலையையே நிறுத்தியிருக்கிறார் பெரியண்ணன். முதலாளியோடு அதற்காகச் சண்டை போட்டவர். அந்தச் சட்டம் பட்டறைக் கேட்டோடு நின்றுவிட்டது. வீட்டில் நாலுக்கு ஆறு தொட்டி ஒன்று இருந்ததும், அதற்குள் வாராவாரம் ஒரு பெண் இறங்கியதும் அவர் கண்ணில் படவில்லை. அவர் அந்த நேரத்தில் காபி குடித்துக்கொண்டிருந்தார்.

"உங்களுக்காகத்தானே சாத்தினேன்?" என்று அழுதாள் பானுமதி.

"எனக்காகத்தான் சாத்தினே. அதான் பானு என்னால தாங்க முடியல."

காத்தான் காந்தி மார்க்கெட்டில் மூட்டை தூக்குகிறவன். செய்தி தெரிந்து, லுங்கியோடு, தோளில் வெங்காயச் சருகு ஒட்டியிருக்க ஓடி வந்தான். மகள் கனிஷ்கா பள்ளிச் சீருடையோடு பின்னால் வந்தாள். அவன் சத்தம் போடுவான், அடிக்கவே வந்தாலும் வாங்கிக்கொள்ள வேண்டியதுதான் என்று பெரியண்ணன் எழுந்து நின்றார். காத்தானோ இரண்டு கையையும் கூப்பிவிட்டான்.

"ஐயா, உங்க நெஞ்சு இருக்கிற இருப்புல நீங்களே உள்ள பூந்து தூக்கிட்டு வந்தீங்களாம். சாமி மாதிரி வந்தீங்கய்யா."

பெரியண்ணனுக்கு உடம்பு கூசியது. அவன் கையைப் பிடித்துக் கீழே இறக்கினார்.

"கும்பிடாதப்பா. உள்ள வெச்சுத் தாழ்ப்பாப் போட்டது நாங்கதான். தப்பு எங்களோடது. நீ என்ன கேட்டாலும் நியாயம்தான்."

காத்தான் புரியாமல் பார்த்தான். கனிஷ்காவுக்குப் புரிந்தது. வார்டுக் கதவின் கண்ணாடி வழியாக அம்மாவைப் பார்த்துக்கொண்டே நின்றாள்.

ராத்திரி தாண்டிற்று. மூன்றாம் நாள் மாஸ்க்கைக் கழற்றினார்கள். தொண்டை வெந்திருந்ததால் பத்து நாளுக்குப் பேசக் கூடாது என்றார் டாக்டர். பானுமதி தினம் கஞ்சி வைத்து எடுத்துக்கொண்டு போனாள். ஜோதி வாங்கிக் குடித்தாள். தலையசைத்தாள். அவள் என்ன நினைக்கிறாள் என்று பானுமதிக்குத் தெரியவில்லை. திட்டினால் தேவலை என்றிருந்தது. வீட்டுக்கு அனுப்பும்போது டாக்டர் ஜோதியின் கையில் ஒரு நீல நிற இன்ஹேலரைக் கொடுத்தார். பெரியண்ணன் சட்டைப் பையில் இருந்த அதே இன்ஹேலர். ஆசிட், பிளீச்சிங், பினாயில் பக்கம் இனிமேல் போகவே கூடாது என்றும் சொன்னார். போகக் கூடாது என்றால் ஐந்து வீட்டு வேலையும் போயிற்று என்று அர்த்தம். அதை அங்கே யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை.

மாப்பிள்ளை வீட்டார் ஒரு வாரம் தள்ளி வந்தார்கள். பாத்ரூம் கறை அப்படியே இருந்தது. வந்தவர்கள் கூடத்தில் உட்கார்ந்தார்கள், பவித்ராவோடு பேசினார்கள், அதிரசம் சாப்பிட்டார்கள், தாம்பூலம் வாங்கிக்கொண்டு சிரித்த முகமாகக் கிளம்பினார்கள். இரண்டரை மணி நேரத்தில் அந்த பாத்ரூம் பக்கம் ஒருவர்கூடப் போகவில்லை. கார் சந்தைத் தாண்டியதும் பானுமதி போய் அந்தக் கறையையே பார்த்துக்கொண்டு நின்றாள். பவித்ரா கூப்பிட்டும் வெளியே வரவில்லை.

பெரியண்ணன் தனக்குத் தெரிந்த வேலையைச் செய்தார். வெள்ளை அட்டை ஒன்றில், பட்டறையில் எழுதிய அதே கொட்டை எழுத்தில் எழுதினார். ஆசிட்டோடு பிளீச்சிங் பவுடரை எந்தக் காரணம் கொண்டும் சேர்க்காதீர்கள். சுத்தம் செய்யும் எந்த இரண்டு மருந்தையும் கலக்காதீர்கள். தண்ணீர் பாட்டிலில் ஆசிட் வாங்கி வைக்காதீர்கள், குழந்தை எடுத்துக் குடிக்கும். கதவு ஜன்னலைத் திறந்து வைத்துக் கழுவுங்கள். சோப்புத் தூளும் பிரஷும் போதும், போகாத கறை இருந்துவிட்டுப் போகட்டும். அடுக்ககச் சங்கத்துச் செயலாளர் படித்துப் பார்த்துவிட்டு, மேலே 'வீட்டு வேலை செய்வோர் கவனத்திற்கு' என்று தலைப்புப் போடச் சொன்னார்.

"அவங்களா சார் ஆசிட் வாங்குறாங்க?" என்றார் பெரியண்ணன். 'வீட்டுக்காரர்கள் கவனத்திற்கு' என்று எழுதி, படிக்கட்டுப் பக்கம் ஆணியடித்து மாட்டினார்.

மூன்று வாரம் கழித்து இருவரும் ஜோதியின் வீட்டுக்குப் போனார்கள். அப்துல் சலாமின் ஆட்டோ கொள்ளிடக் கரையில் இறக்கிவிட்டது. ஓட்டு வீடு, ஒரே அறை. ஜோதி வாசலில் உட்கார்ந்து கனகாம்பரம் கட்டிக்கொண்டிருந்தாள். பூக்காரர் ஒருவர் தினம் கொண்டுவந்து போட்டுவிட்டுப் போகிறாராம். இவர்களைப் பார்த்ததும் எழுந்து பாயை உதறிப் போட்டாள். அந்த இரண்டு உதறலுக்கே அவளுக்கு மூச்சு வாங்கியது.

பானுமதி வரும் வழியெல்லாம் மனப்பாடம் செய்துகொண்டு வந்ததை ஒரே மூச்சில் சொன்னாள். ஆசிட்டை அடியோடு நிறுத்தியாயிற்று. அடைத்திருந்த அட்டையைப் பிய்த்துவிட்டுக் வாடையை வெளியே தள்ளும் காற்றாடி மாட்டியாயிற்று. வெளித் தாழ்ப்பாளைக் கழற்றி எறிந்தாயிற்று. பாத்ரூமை இனி பானுமதியே கழுவிக்கொள்வாள். ஜோதி வந்து காய் நறுக்கிக் கொடுத்துக் கூடமாட இருந்தால் போதும், பழைய சம்பளமே.

"நீ வர்ற நேரத்துல வீட்டுல வேற என்ன வாடை இருந்தாலும் கதவெல்லாம் தெறந்தே கெடக்கும் ஜோதி. ஐயா அந்த நேரத்துல கீழ எறங்கி, ஆத்துப் பக்கம் ஒரு நடை போயிட்டு வந்துடுவார்."

ஜோதி பூவைக் கட்டிக்கொண்டே கேட்டாள். குரல் கரகரவென்று, வேறு யாருடையதோ போல வந்தது.

"முன்னயே ஐயா அப்படிப் போயிருக்கலாமேம்மா?"

பெரியண்ணன் தலைகுனிந்தார். வெள்ளிக்கிழமைகளில் அரை மணி நேரம். அம்மா மண்டபம் படித்துறை நடந்து போகும் தூரம். அவர் அங்கே போய் உட்கார்ந்திருந்தால் வீட்டின் அத்தனை கதவையும் திறந்து வைத்திருக்கலாம். இவ்வளவு எளிதான ஒரு யோசனை மூன்று பேரில் கதவுக்கு வெளியே இருந்த இரண்டு பேருக்கும் தோன்றவில்லை.

"தெரியாமப் பண்ணிட்டேன் ஜோதி" என்றாள் பானுமதி. கண்ணீர் வழிந்தது.

ஜோதி கட்டிய சரத்தை மடியில் வைத்தாள். அவள் முகத்தில் கோபம் இல்லை. ஒரு கணக்கைச் சரியாகச் சொல்லிவிட வேண்டும் என்ற நிதானம் மட்டும் இருந்தது. இடையிடையே மூச்சுக்காக நிறுத்தி நிறுத்திப் பேசினாள்.

"பவுடரைக் கலக்கக் கூடாதுன்னு உங்களுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாதும்மா. அது போகட்டும். ஆனா வாடை ஆகாதுன்னு தெரியும்ல? ஐயாவுக்கு நெஞ்சு புண்ணாயிடும்னு டாக்டர் சொன்னாரு, உடனே கதவைச் சாத்துனீங்க. அப்ப அது வெஷம்னு தெரிஞ்சுதானேம்மா சாத்துனீங்க? கதவுக்கு அந்தப் பக்கம் ஐயாவோட நெஞ்சு, இந்தப் பக்கம் என்னோட நெஞ்சு. ஐயாவுக்கு ஆகாத காத்து எனக்கு மட்டும் எப்படிம்மா ஆகும்?"

கொள்ளிடம் பக்கமிருந்து காற்று வந்தது. ஜோதி அதை மெல்ல உள்ளே இழுத்தாள். அதற்கே இருமினாள். பானுமதி எழுந்து அவள் முதுகைத் தடவிவிட்டாள். இருமல் அடங்கும் வரை கையை எடுக்கவில்லை. தெரியாமல் செய்தேன் என்ற சொல்லை இனி எடுக்க முடியாது என்று அவளுக்குத் தெரிந்தது.

"ஆகாது ஜோதி" என்றாள். "யாருக்குமே ஆகாது. என் புருஷன் மூச்சுல படக் கூடாதது எதுவோ, அது யார் மூச்சுலயும் படக் கூடாது. அது எனக்குத் தெரிஞ்சுதான் இருந்துச்சு. தெரிஞ்சேதான் உன்னை உள்ள விட்டுச் சாத்தினேன்."